முகாம்ல இருந்து டீச்சர் வேலைக்கு: வரவு செலவு கணக்கு

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு கீழ்புத்துப்பட்டு நல்லா தெரியும். ஈசிஆர் ஓரம், அய்யனார் கோயில் ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் அங்கேதான் இருக்கு. அந்த முகாம்ல பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு டீச்சர் ஆகணும்னு சொன்னா, வீட்டுக் கணக்கு எப்படி ஓடும்?

2021-ல உயர்த்தின அரசு உதவித்தொகைப்படி குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மற்ற பெரியவங்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைங்களுக்கு 500. அப்பா, அம்மா, இந்தப் பொண்ணு, ஒரு குட்டித் தம்பின்னா மொத்தம் 4,000. மிச்சத்துக்கு அப்பா பெயின்ட் அடிக்கப் போகணும்.

டிகிரிக்கு 3 வருஷம், பி.எட்.டுக்கு 2 வருஷம். திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலயோ விழுப்புரம் அண்ணா கல்லூரியிலயோ இடம் கிடைச்சா டிகிரி ஃபீஸ் பெரிய பாரம் இல்ல. கடிக்கிறது தனியார் பி.எட். காலேஜ் ஃபீஸும், சம்பளமே இல்லாத அந்த 5 வருஷமும்தான். கூடப் படிச்சவ ஜவுளிக்கடைக்குப் போய் அடுத்த மாசமே சம்பளம் வாங்கிடுவா. கல்விக்கடன் கேட்டா, வங்கிகளோட மாதிரித் திட்டத்துல முதல் நிபந்தனையே இந்தியக் குடியுரிமை. அப்புறம் என்ன, நகை அடகு, இல்லன்னா சீட்டு. தயவுசெஞ்சு கந்துவட்டி பக்கம் மட்டும் போயிடாதீங்க.

படிச்சு முடிச்சாலும் அரசு வேலைக் கதவு நடைமுறையில மூடித்தான் இருக்கு. அதே பி.எட்., அதே மார்க், ஆனா தனியார் ஸ்கூல் சம்பளம். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. அதனால டிகிரி ரெண்டாம் வருஷமே சாயங்கால ட்யூஷன் ஆரம்பிச்சிடணும்னு சொல்வேன். கைக்காசும் வரும், பாடம் நடத்தவும் பழகும்.

இப்ப முக்கியமான விஷயம். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவங்க, சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாம்ல 1986-ல பிறந்த ஒரு பெண், கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டுட்டாங்க. அரசு ஆசிரியர் வேலைக்கு வயது வரம்பு இப்ப பொதுப்பிரிவுக்கு 53, மற்றவங்களுக்கு 58. அதாவது, முகாம்ல பிறந்து பி.எட். முடிச்சு தனியார் ஸ்கூல்ல இருக்கிற அக்காக்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

அந்தத் தேதிக்கு அப்புறம், 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி பிறந்திருந்தா, பிறந்தப்போ அப்பா, அம்மாவுல ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தாலே போதும். அதுக்கும் பிறகு பிறந்தவங்களுக்குச் சிக்கல் அதிகம், வக்கீலைப் பாருங்க. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவங்க, பிறந்த ஊர் பதிவாளர் அலுவலகத்துல இந்த வாரமே விசாரிங்க.