மில்போர்டு நுழைகழி

நியூசிலாந்து நாட்டின் தென்தீவில், தென்மேற்குக் கரையோரமாக மலைகள் கடலை ஒட்டி ஓங்கி நிற்கின்றன. அம்மலைகளுக்கிடையே கடல்நீர் நீண்டு புகுந்துள்ள இடங்கள் பல. அவற்றுள் புகழ் மிக்கது மில்போர்டு. அந்நாட்டுப் பழங்குடியினராகிய மாவோரியர் அதனைப் ‘பியோபியோதாகி’ என்பர்; ‘ஒற்றைப் பியோபியோ’ என்பது அதன் பொருள். பியோபியோ என்பது இன்குரல் படைத்ததொரு பறவை.

இத்தகைய நுழைகழியைப் ‘பியோர்டு’ என்று வழங்குவர். இஃது எவ்வாறு தோன்றியது? பனியூழிக் காலத்தில் மலைகளில் திரண்ட பனி, ஆறுபோல மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தது. அப்பனியாறு தன் பாரத்தாலும், தான் சுமந்து வந்த கற்களாலும் பள்ளத்தாக்கை அராவி ஆழமாக்கிற்று. பின்னர்ப் பனி உருகிப் பின்வாங்க, கடல் உட்புகுந்தது. ஆதலின், மில்போர்டின் இருபுறமும் பாறைகள் சுவர்போல் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றுள் மைட்டர் சிகரம் நீர்விளிம்பிலிருந்து 1,680 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ளது.

இங்கு ஆண்டுதோறும் 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. போவன், ஸ்டர்லிங் என்னும் அருவிகள் என்றும் வற்றாதவை; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வது. பெருமழை பெய்தாலோ, நூற்றுக்கணக்கான அருவிகள் பாறைகளில் வெள்ளிக் கம்பிகளெனத் தொங்கும். மழை நின்ற சில மணி நேரத்தில் அவை மறையும்.

இம்மழைநீர் காட்டின் சருகுகளிலிருந்து தேநீர் போன்ற நிறம் பெற்று வந்து, கனமான உப்புநீரின்மேல் மிதக்கின்றது. அதனால் கதிரவன் ஒளி கீழே செல்வது குறைகின்றது. எனவே, பிற இடங்களில் ஆழ்கடலில் வாழும் கரும்பவளம், இங்குப் பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கின்றது. உயிரோடுள்ளபோது அது வெண்மையாகத் தோன்றும். அதன் உட்கூடே கருமை நிறமுடையது.

டெ அனாவ் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை மில்போர்டுக்குச் செல்கின்றது. வழியிலுள்ள ஹோமர் சுரங்கத்தைக் குடையும் பணி 1935இல் தொடங்கிற்று. பனிச்சரிவுகளில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். 1954இல் சுரங்கம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நடந்து செல்ல விழைவோர்க்கு 53.5 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையும் உண்டு. கழியில் சிலர் கப்பலிற் செல்வர். சிலர் சிறு துடுப்புப் படகுகளைத் தாமே செலுத்துவர். பாறைகளில் வெயில் காயும் கடல்நாய்களையும், துள்ளிக் குதிக்கும் ஓங்கில்களையும், கொண்டைப் பென்குயின்களையும் காணலாம்.

ஆனால், பியோபியோவைக் காண இயலாது. நியூசிலாந்தில் முன்பு வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இல்லை. ஆகவே, பறவைகள் அவற்றுக்கு அஞ்சி ஒளியக் கற்கவில்லை. ஐரோப்பியர் குடியேறியபின், எலிகளும், கீரி போன்ற ஸ்டோட் என்னும் விலங்குகளும் காடெங்கும் பரவின; முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. பியோபியோ இனம் அழிந்தது. எஞ்சிய பறவைகளையேனும் காக்க, இன்று காடுகளில் பொறிகள் வைக்கின்றனர்.

மாவோரியர் கதை ஒன்று கூறுவர். இவ்விடத்தின் பேரழகைக் கண்ட தெய்வமகள் ஒருத்தி, மாந்தர் இங்கேயே தங்கிவிடுவரோ என அஞ்சிக் கடிக்கும் சிறு ஈக்களை ஏவினாளாம். அவ்வீக்கள் இன்றும் அங்குள்ளன. அழகிய இடத்திற்குச் செல்வோர் கண்டு மகிழ்ந்து, ஊறு செய்யாது மீளுதல் வேண்டும். பறவை மறைந்தபின் எஞ்சியிருப்பது அதன் பெயர் மட்டுமே அன்றோ!