தெரு உயர்ந்தால் சுவர் குடிக்கும்

பழைய வீட்டைப் பழுதுபார்க்கக் கூப்பிட்ட கொத்தனார், வாசலில் நின்று ஒரு நோட்டம் விட்டதும் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பேஸ்மட்டம் கீழ போயிருச்சுண்ணே." நகரத்து அடுக்குமாடிகளில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு அடியில் கார் நிறுத்தும் இடம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலிலும் அறந்தாங்கியிலும் மீமிசலிலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே, வீட்டை மண்ணிலிருந்து தூக்கிப் பிடிக்கும் மேடைதான் நம் ஊர்ப் பேஸ்மட்டம். அது கீழே போவது அபூர்வம். தெருதான் மேலே வந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார், அதற்கும் மேலே சிமெண்டுச் சாலை என்று அடுக்கிக்கொண்டே போனதில், மூன்று படி ஏறி நுழைந்த திண்ணை வீடுகள் இன்று ஒரு படி இறங்கி நுழையும் வீடுகளாகிவிட்டன. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது. தை பிறந்தும் சுவர் காய்வதில்லை.

அந்த ஈரத்துக்குத் தமிழில் ஓதம் என்று பெயர். ஓதம் ஏறிய சுவருக்குச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி வீணாகப் போகிறது. அடுத்த மழைக்கே பூச்சு உதிர்ந்துவிடுகிறது. செய்தவர் தொலைபேசியை எடுப்பதில்லை. இதைத் தவிர்க்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதற்கான விடையை வைத்துத்தான் எந்த வேலையைச் செய்வது என்பது முடிவாகும். யாரிடம் நியாயம் கேட்பது என்பதும் அதே விடையில்தான் இருக்கிறது.

ஆவுடையார்கோவில் ஊரின் நடுவிலேயே ஒரு பாடம் நிற்கிறது. மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் திருப்பெருந்துறை ஆத்மநாதசுவாமி கோவிலின் கொடுங்கைகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சிற்பம் படிப்பவர்கள் வருகிறார்கள். மரச்சட்டமும் கயிறும் ஆணியும் போலவே கருங்கல்லில் செதுக்கிய அந்தத் தாழ்வாரத்தின் அழகைப் பேசுகிற அளவுக்கு, அது செய்கிற வேலையை நாம் பேசுவதில்லை. கூரை நீரைச் சுவரில் வழியவிடாமல் வெளியே தள்ளி விழவைப்பது கொடுங்கை. சுவருக்குக் கீழே நிற்கும் கருங்கல் அதிட்டானம், மண்ணின் ஈரத்தை மேலே ஏறவிடாது. கருங்கல் செங்கலைப் போல நீர் உறிஞ்சாது. மேலே குடை, கீழே பாதுகை. நம் வீடுகளுக்கும் தேவை இந்த இரண்டும்தான்.

செங்கல்லுக்குள்ளும் காரைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் ஈரம் அவற்றின் வழியே ஏறும். பொதுவாக மூன்று நான்கு அடி வரை வரும். ஏறும் தண்ணீர் உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்தில் நீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி விரிந்து பூச்சை உள்ளிருந்து நெம்புகிறது. நாம் 'உப்புப் பூத்திருக்கு' என்கிற வெள்ளைப் பொடி அதுதான். மணமேல்குடி, மீமிசல் என்று கடலை ஒட்டிய பக்கங்களில் இந்தத் தொல்லை அதிகம். அங்கே கிணற்று நீரே பல இடங்களில் உப்பு. அதே நீரில் கலவை குழைத்தால் நாமே உப்பைச் சுவருக்குள் வைத்துக் கட்டியதாகிவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலை. மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுவது நல்லது.

இப்போது பரவலாக நடக்கும் வைத்தியத்தைச் சொல்ல வேண்டும். ஓதம் தெரியும் உயரத்துக்குப் பூச்சைக் கொத்திவிட்டு, கெட்டியாகச் சிமெண்டு பூசி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஆறு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கீழிருந்து வரும் தண்ணீர் நிற்கவில்லை. ஆவியாகப் போகும் வழி மட்டும் அடைபட்டது. மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினால் நாலாவது அடியில் உப்புப் பூக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்கு இது இன்னும் கெடுதல். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டும் விடும். அதன் மூச்சை அடைத்தால் உள்ளே இருக்கும் காரை நைந்து போகிறது. பழைய சுவருக்குப் பழைய மருந்தே பொருந்தும். உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி வரை உரித்துவிட்டு, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தேய்த்துத் தட்ட வேண்டும். வாரக்கணக்கில் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். பங்குனியிலிருந்து ஆனிக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. புரட்டாசியில் தொடங்கினால் பாதியில் மழை பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் நோய் நாடும் வேலை இருக்கிறது. காசில்லாத சோதனை ஒன்று: சுவரில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம், சன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும். ஈரம் தரையிலிருந்து மேலே குறைந்துகொண்டே போனால் ஓதம். மேலிருந்து கீழே இறங்கினால் மொட்டைமாடியையோ தூம்புக் குழாயையோ பாருங்கள். கழிவறைச் சுவரில் மட்டும், அதுவும் கோடையிலும் ஈரம் இருந்தால் குழாய்க் கசிவு. ஈரக்கோட்டின் மேல் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மாதம் ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டும் காய்ச்சல் அட்டை மாதிரி அது கொத்தனாருக்கு உதவும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சியாகவும் நிற்கும்.

பேஸ்மட்டத்தில் ஓதத்தடுப்புப் பட்டை போடாமல் கட்டிய வீடுகள்தான் பழையவற்றில் அதிகம். இப்போது போட வேண்டுமானால் சுவரை மூன்றடிக்கு மேற்படாத துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக அறுத்து, பட்டை வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும். துளையிட்டு இரசாயனம் செலுத்தும் முறையும் உண்டு. மண் சாந்தில் கட்டிய தடித்த சுவர்களில் அது சரியாகப் பிடிக்காது. வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செங்கல்லும் சிமெண்டும் சேர்ந்த வீட்டில் அது நடக்கக்கூடிய காரியம்தான். மண் சாந்துச் சுவருக்கும் செம்புறாங்கல் சுவருக்கும், பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் கையெழுத்திட்டுத் தராமல் கைவைக்கவே விடாதீர்கள். எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த வேலை வெளியே இருக்கிறது: வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்த தளம், அதன் ஓரத்தில் ஒரு வாய்க்கால். பல வீடுகளில் இதிலேயே பாதி ஓதம் அடங்கிவிடும்.

இனி உரிமைப் பக்கம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை கெட்டால் அது 'தலைவிதி' கிடையாது, சட்டப்படி சேவைக் குறைபாடு. வீடு கட்டும் வேலையும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ஒப்பந்தக்காரர் மதுரைக்காரராகவோ திருச்சிக்காரராகவோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது புதுக்கோட்டையிலேயே, வழக்குப் போடலாம். தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 'அடுத்த மழை வரட்டும், பார்க்கலாம்' என்று மூன்று மழை பார்த்தவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில். நம் பக்கத்தில் மேஸ்திரியோடு எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம் இருக்கிறது. "அண்ணன் தம்பியாப் பழகியாச்சு, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்பார்கள். பழக்கம் கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து. எந்தச் சுவர், எவ்வளவு உயரம், என்ன பொருள், எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரு பகுதியை மழைக்காலம் முடிந்தபின் தருவதாகப் பேசி வையுங்கள். கலவையில் சேர்க்கும் நீர்த்தடுப்புப் பொருளின் டப்பாவில் ஐ.எஸ். 2645 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருக்கும் உரிம எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். காலி டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். வேலை கெட்டால் முதலில் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். அதற்குப் பதில் வராததும் ஒரு சாட்சியமே.

ஈரம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றால் விவகாரம் கொஞ்சம் நுட்பமானது. உங்கள் சுவரை ஒட்டிக் கழிவுநீர்க் குழி தோண்டினாலோ அஸ்திவாரத்துக்கும் கீழே பள்ளம் பறித்தாலோ, அது ஈரத்தோடு நிற்காது, சுவரே சாயும். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, பக்கத்து நிலம் உங்கள் கட்டடத்தை 20 ஆண்டுகள் தடையில்லாமல் தாங்கி வந்திருந்தால் அந்தத் தாங்குதல் உங்கள் உரிமையாகிவிடுகிறது. பேசித் தீராதபோது உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

தொகுப்பு வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000-2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இரவில் சுவர் இடிந்து தூங்கியவர்கள் இறந்த செய்தி தமிழ்நாட்டில் எங்காவது வருகிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நினைவு யாருக்கும் மறந்திருக்காது. மண் சுவரில் புதிதாக வெடிப்பு விழுந்தாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, கதவு திடீரென்று பிடிக்கத் தொடங்கினாலோ அன்றிரவு அந்த அறையில் படுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள். படம் எடுக்காமல் இடிபாட்டை அகற்றினால் நிவாரணம் கேட்பது கடினமாகும். ஈரச் சுவரில் ஓடும் மின்கம்பி இன்னொரு ஆபத்து: ஆர்.சி.சி.பி. என்னும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்புக் கருவி ஒன்றை மீட்டருக்குப் பக்கத்தில் பொருத்தாமல் எந்தப் பழுதுவேலையும் முழுமையாகாது.

நம் ஊர் வீடுகளில் தரைக்குக் கீழே உண்மையில் இருப்பது தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும்தான். புதுத் தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய தொட்டி என்றால்தான் விஷவாயு என்று நாம் நினைக்கிறோம். மூடிக் கிடக்கும் புதுத் தொட்டியிலும் தேங்கிய நீரும் அழுகும் பலகையும் பிராணவாயுவைத் தின்றுவிடும். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரும் போவார். மூடியைத் திறந்து வைத்து, உள்ளே காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். யாராவது சாய்ந்தால் பின்னால் குதிக்காமல் 112-ஐ அழையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவதுதான் வழி.

கடைசியாகத் தெரு. சாலை உயரத்தால் வரும் ஓதத்துக்கு வீட்டுக்காரர் மட்டும் செலவழிப்பது நியாயமில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தளம் போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். சாலை போடுமுன்பே, எத்தனை அங்குலம் சுரண்டுவார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று எழுத்தில் கேளுங்கள். போட்டு முடித்தபின் கேட்டால், இடித்துத் தரச்சொல்லும் ஆள் ஆகிவிடுவீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ம் இருக்கின்றன. ஆனாலும் தெரு முழுவதும் சேர்ந்து கிராம சபையில் வைக்கும் தீர்மானத்துக்குத் தனி மனு ஈடாகாது. அக்டோபர் 2 கூட்டம் மழைக்கு முன்னால் வருகிறது; வாய்க்கால் தூர்வாருவதை அப்போது கேளுங்கள். நவம்பர் 1 கூட்டம் மழைக்கு நடுவே வருகிறது. தேதியிட்ட பென்சில் கோட்டின் படங்களை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்காரர்களோடு போங்கள்.