எரியுமுன் குளிர்விக்கும் எரிபொருள்

நெய்வேலியில் வாழும் மாணவ மாணவியர்க்கு அனல் மின் நிலையத்தின் கொதிகலன் புதியதொரு பொருளன்று. பழுப்பு நிலக்கரியைப் பொடியாக்கி அதன் உலையில் எரிக்கிறார்கள். உள்ளே வெப்பம் 1000 டிகிரி சென்டிகிரேடை எட்டுகிறது. அத்துணை வெப்பத்தில் எஃகு உருகாவிடினும் தன் வலிமையை இழந்துவிடும். ஆயினும் உலையின் சுவர்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. எப்படி? எஃகுக் குழாய்களை நெருக்கமாக அடுக்கியே அச்சுவர்களை அமைத்திருக்கிறார்கள். குழாய்களுக்குள் நீர் இடைவிடாது ஓடுகிறது. சுவரைத் தாக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அந்நீர் ஆவியாகிறது. அந்த ஆவியே டர்பைனைச் சுழற்றுகிறது. சுவரும் பிழைக்கிறது, வெப்பமும் வீணாவதில்லை.

இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் பறக்கும் ஊர்தி ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

ஓடும் வண்டிக்குக் காற்று குளிர்ச்சி தருகிறது. வேகம் மிக மிக அந்நிலை மாறிவிடுகிறது. எதிரேயுள்ள காற்று விலகிச் செல்ல நேரமின்றி நசுங்குகிறது. நசுங்கிய காற்று சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டு அறிந்திருப்பீர்கள். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்துவந்த கான்கார்டு விமானத்தின் மூக்கு 120 டிகிரிக்கு மேல் சூடேறியது. ஐந்து மடங்கு வேகத்திலோ, தடுத்து நிறுத்தப்படும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 1000 டிகிரியாகும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்! ஆகவே வெளிக்காற்றைக் கொண்டு எஞ்சினைக் குளிர்விக்க வழியில்லை. குளிர்விப்பதற்கென்றே தண்ணீரைச் சுமந்து செல்வதென்றால் எடை கூடிவிடும். ஆனால் சுமந்தே தீரவேண்டிய பொருள் ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் எரிபொருள். அதை முதலில் சூடான பகுதிகளைச் சுற்றி ஓடவிட்டுப் பின்னர் எரித்தால் என்ன?

1964ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த எஸ்.ஆர்.71 என்னும் அமெரிக்க விமானத்தில் இவ்வாறே செய்தார்கள். ஒலியைப்போல் மும்மடங்கு வேகத்தில் சென்ற அவ்விமானத்தில், விமானி அமரும் அறையின் காற்றையும் இயந்திர எண்ணெய்களையும் குளிர்வித்த பிறகே எரிபொருள் எஞ்சினுக்குச் சென்றது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ நிறுவனத்தார் சோதித்துத் தேர்ந்த சி.இ.20 என்னும் ராக்கெட் எஞ்சினில், சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ ஹைட்ரஜன் எரியறைச் சுவரின் நுண்ணிய கால்வாய்கள் வழியே பாய்ந்து சுவரைக் காக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கலத்தை ஏந்திச் சென்ற ராக்கெட்டின் மேலடுக்கில் இருந்தது இந்த எஞ்சினே.

ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் சுமந்து செல்கிறது. ஸ்கிராம்ஜெட் என்னும் எஞ்சினோ வெளிக்காற்றை உள்வாங்கி எரிக்கிறது. அதனுள்ளும் காற்று ஒலியினும் விரைந்து பாய்கிறது. சுடரின் வெப்பம் 2000 டிகிரியைக் கடக்கிறது. எஃகோ சுமார் 1500 டிகிரியில் உருகிவிடும். இங்கே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் வெறுமனே சூடேறினால் மட்டும் போதாது.

மீண்டும் கொதிகலனைப் பார்ப்போம். சாதாரண அழுத்தத்தில் ஒரு கிராம் நீரைச் சுழியத்திலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 100 கலோரி போதும். அதே நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி தேவை. நிலை மாறும்போதுதான் பொருள் பெருமளவு வெப்பத்தை விழுங்குகிறது. இதனை ஒத்த வேலையை வேதியியலார் எரிபொருளில் செய்விக்கிறார்கள். சுவர்க் கால்வாய்களில் ஓடும்போது அதன் பெரிய மூலக்கூறுகள் சிறியனவாக உடைகின்றன. உடைவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுவரிலிருந்தே பெறுகின்றன. இதனை வெப்பங்கொள் வினை என்பர். உடைந்து வந்த வாயு எளிதில் தீப்பற்றும் என்பது மற்றொரு நன்மை. ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திலேயே எரிந்து முடியவேண்டிய எஞ்சினுக்கு இது பேருதவியன்றோ?

இடர்ப்பாடும் உண்டு. கொதிகலன் நீரில் உப்பு இருந்தால் குழாயினுள் படிந்து வெப்பம் செல்லும் வழியை அடைக்கும், குழாய் வெடிக்கும். அதனால்தான் நீரைத் தூய்மை செய்த பின்னரே உள்ளே விடுகிறார்கள். எரிபொருளும் அளவு மீறிச் சூடேறினால் கரியாகப் படிந்து கால்வாயை அடைத்துவிடும்.

2020 செப்டம்பர் 7 அன்று, ஒடிசாக் கரையை அடுத்த அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவப்பட்ட இந்திய ஆளில்லா ஊர்தி, ஸ்கிராம்ஜெட் எஞ்சினால் ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் 20 விநாடிக்கு மேல் சென்றது. நெடுநேரம் பறக்கவேண்டுமானால் சுவரைக் குளிர்வித்தே ஆகவேண்டும். ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தார், எரிபொருளால் குளிர்விக்கப்படும் எரியறையை 2025 ஜனவரியில் தரைச் சோதனையாக 120 விநாடி இயக்கினர். அதே ஆண்டு ஏப்ரலில் 1000 விநாடிக்கும் மேல் இயக்கினர்.

தரையில் வென்றது வானிலும் வெல்லவேண்டும். வேகம் கூடக்கூடச் சுவரைத் தாக்கும் வெப்பம் விரைந்து ஏறுகிறது. எரிப்பதற்கு வேண்டிய எரிபொருளோ அவ்வளவு விரைந்து ஏறுவதில்லை. குளிர்விப்பதற்காக மிகுதியாகப் பாய்ச்சினால் எரியாமல் வீணாகும். குறைத்தாலோ சுவர் உருகும். ஆகவே இத்தகைய ஊர்தி எவ்வளவு வேகமாகப் பறக்கலாம் என்பதை எஞ்சினின் ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு கிலோகிராம் எரிபொருள், கரி படியாமல், எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்த அளவை உயர்த்துவது வேதியியல் பயிலும் உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கும் பணியாகும்.