கண்ணாடித் தொட்டியிற் பேத்தை மீன்

கடலடியின் எழிலை நேரிற் காணும் பேறு எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. ஆதலின், அவ்வெழிலின் ஒரு சிறு பகுதியையேனும் தம் இல்லத்தில் அமைத்துக் காணப் பலர் விழைகின்றனர். பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1854-ஆம் ஆண்டில் நீர்வாழ் உயிர்த் தொட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அவ்விருப்பத்தை மக்களிடையே பரப்பினார். இன்று அத்தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல் மீன்களுள் சிறிய பேத்தை மீனும் ஒன்று.

பேத்தையில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் வாலன்டினி என்பது ஏறத்தாழப் பத்துச் சென்டிமீட்டர் நீளமே வளர்வது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளின் இடையே அது வாழ்கின்றது. அதன் உடல் வெண்மை நிறமும் பழுப்புப் புள்ளிகளும் உடையது. முதுகின்மேல் சேணம் இட்டாற்போல நான்கு கரிய பட்டைகள் விளங்கும்.

பகை நெருங்கும்போது பேத்தை நீரை விரைந்து விழுங்கித் தன் வயிற்றைப் பந்துபோல் உப்பச் செய்யும். விலாவெலும்புகள் இன்மையால் அவ்வாறு விரிதல் அதற்கு இயல்கின்றது. மேலும், அதன் உடலில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. இந்நஞ்சிற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சில்லாத மீன் ஒன்று வாலன்டினியின் வடிவையும் நிறத்தையும் கொண்டு, பகைவரை ஏமாற்றிப் பிழைக்கின்றது என்றால், அந்நஞ்சிற்குக் கடலில் உள்ள மதிப்பை உணரலாம்.

பேத்தை உப்புவதைக் காணும் பொருட்டு அதனை அச்சுறுத்துவோர் உளர். உப்புதல் அம்மீனுக்கு விளையாட்டன்று. உயிர்காக்கும் இறுதி முயற்சியாகும். நீரினின்று வெளியே எடுத்தால், அது நீருக்கு மாறாகக் காற்றை விழுங்கிவிடும். அக்காற்றை வெளியேற்ற இயலாமல் இறத்தலும் கூடும். எனவே, இடம் மாற்றும்போது வலையால் தூக்காமல், நீரோடு சேர்த்துக் கலத்தில் முகந்து மாற்றுதல் வேண்டும்.

இம்மீனுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் தொட்டி தேவை. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 25 செல்சியசு அளவினதாகிய வெப்பமும் இருத்தல் நன்று. நீர் ஆவியாகும்போது உப்பு உடன் செல்வதில்லை. ஆதலின், குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும்.

புதிய தொட்டியில் அன்றே மீனை விடுவது பெரும்பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றும். கல்லிலும் மணலிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். வேறு வகையின நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுகாறும் நீர் பளிங்குபோல் தோன்றினும் மீனுக்கு நஞ்சேயாம். பொறுமையின்மையால் மடிந்த மீன்கள் எண்ணிலடங்கா.

உணவிலும் கருத்து வேண்டும். பேத்தையின் வாயில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகப் பற்றகடுகள் உள்ளன. அவை நம் நகங்களைப் போல இடைவிடாது வளர்வன. கடலில் நத்தையையும் நண்டையும் கடித்து உண்பதால் அவை தேய்கின்றன. தொட்டியில் மென்மையான இரையையே இட்டு வந்தால், பற்கள் மிக நீண்டு வாய் இயங்காமற் போகும். உணவு கண்ணெதிரே கிடக்க, மீன் பட்டினியால் மாளும். ஆகவே, ஓட்டுடன் கூடிய இறால், மட்டி, நத்தை ஆகியவற்றை அளவோடு இடுதல் வேண்டும். பிற மீன்களின் துடுப்புகளைக் கடிக்கும் இயல்பும் இதற்கு உண்டாதலின், துணை மீன்களை ஆராய்ந்தே சேர்த்தல் வேண்டும்.

கடலில் வாழும் மீன் தன் இரையைத் தானே தேடும். நீர் கெட்டால் வேறிடம் செல்லும். கண்ணாடிச் சுவர்களுக்குள் வாழும் மீனுக்கு அவ்வுரிமை இல்லை. அதன் நீரும் உணவும் வளர்ப்பவர் கையிலேயே உள்ளன. அழகைக் கண்டு மகிழ விரும்புவோர், அவ்வழகிற்கு உரிய உயிரைப் பேணும் கடமையையும் ஏற்றல் வேண்டும்.