சவுக்கு தோப்பு வழியா கடலுக்கு போறீங்களா? அமைதியான தண்ணியை நம்பாதீங்க!

தாம்பரம், வண்டலூர் பக்கம் இருந்து லீவு நாளில் கிளம்பும் வாலிபர்கள் பலர் மெரினா கூட்டத்தை விரும்புவதில்லை. கேளம்பாக்கம், கோவளம் வழியாக கிழக்கு கடற்கரை சாலைக்கு போய், சவுக்கு தோப்பு ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். தோப்பு முடிந்தால் வெறும் மணல். கடை இல்லை, கூட்டம் இல்லை. விழுந்தால் தூக்க ஆளும் இல்லை.

கரைக்கு ஏறி வரும் அலைத்தண்ணீர் திரும்பி போக வழி தேடும். மணல் திட்டுக்கு நடுவே பள்ளம் இருந்தால், அதன் வழியாக ஆறு மாதிரி கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. பார்க்க குளம் மாதிரி இருக்கும். "இங்க அலை இல்லடா, இறங்கு" என்று போகிறவரை அதுதான் இழுக்கிறது. நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம்.

அந்த இழுப்பு ஆளை கீழே அமுக்காது. கரையை பார்த்து எதிர்நீச்சல் போட்டு, களைத்துப்போய்தான் மூழ்குகிறார்கள். சிக்கினால் பதறாமல் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு குறைந்ததும் கரைக்கு திரும்பலாம். முடியலையா? மல்லாந்து மிதந்தபடி கையை தூக்கி கத்துங்கள்.

கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக்கூடாது. போன உயிர் இரண்டாகிவிடும். காலி தண்ணீர் கேன், கயிறு ஏதாவது வீசுங்கள். பக்கத்து குப்பத்து மீனவர்களை கூப்பிடுங்கள். கடலோர பாதுகாப்பு குழும போலீஸ் 1093, ஆம்புலன்ஸ் 108.

குளித்தே ஆகணும் என்றால், 2021-ல் நீலக்கொடி சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்கு போய், உயிர்காப்பு வீரர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். தோப்புக்கு பின்னால் உள்ள கரையில் மணலில் உட்கார்ந்து காத்து வாங்கிட்டு வாங்க. வீட்ல காத்திருக்காங்க.