தட்டில் குறைவதும் பெட்டியில் விழுவதும்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் தவக்காலம் தொடங்கும் வாரத்தில் பிள்ளைகள் கைக்கு ஒரு தட்டை அட்டை வரும். கோடுகள்வழியே மடித்துக் காதுகளைச் செருகினால் அது ஒரு சின்னப் பெட்டி. மேலே காசு போட ஒரு கீறல். பெயர் 'ரைஸ் பவுல்', அதாவது சோற்றுக் கிண்ணம். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அதற்கு இடம். பார்த்தால் உண்டியல் மாதிரி இருக்கும். ஆனால் உண்டியலைவிட நம் ஊர்ப் பிடி அரிசிப் பானைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பவர்கள் மிஞ்சியதைக் கொடுப்பதில்லை. சமைக்கும் முன்பே எடுத்துவிடுவதால் அன்றைய சோறு வீட்டில் ஒரு பிடி குறைவு. பள்ளிகளின் தவக்கால தருமத்தை எடைபோட இந்த ஒரு பிடிதான் சரியான படிக்கல் என்பது என் எண்ணம். பெட்டியில் எவ்வளவு விழுந்தது என்பதற்கு முன்னால், தட்டில் எவ்வளவு குறைந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கிண்ணம் பிறந்த கதையும் அதையேதான் சொல்கிறது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி மழை பொய்த்துப் பஞ்சத்தில் தவித்துக்கொண்டிருந்த 1975-இல், பென்சில்வேனியா மாநிலத்து அலன்டவுன் மறைமாவட்டத்தில் மான்சிஞ்ஞோர் ராபர்ட் கோல் என்ற குரு இதைத் தொடங்கினார். ஒரு வேளைச் சாப்பாட்டைச் சுருக்குங்கள், அதில் மிச்சமாகும் காசைக் கிண்ணத்தில் போடுங்கள் என்பதுதான் யோசனை. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் அகில உலக நற்கருணை மாநாடு நடந்தது. மனிதக் குடும்பத்தின் பசிகளே அதன் மையப்பொருள். அன்னை தெரசாவும், அமெரிக்காவில் ஏழைகளிடையே பணிசெய்த டாரதி டேயும் பேசிய மாநாடு அது. கிண்ணம் அங்கே பலர் பார்வைக்கு வந்தது. 1977-இல் அமெரிக்க ஆயர்கள் அதை கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸ் என்ற தங்கள் நிவாரண அமைப்பின் அதிகாரபூர்வத் தவக்காலத் திட்டமாக ஏற்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் வேலை செய்த அமைப்புகளில் அதுவும் ஒன்று. கிண்ணங்களில் சேரும் பணத்தில் கால் பங்கு அந்தந்த மறைமாவட்டத்து ஏழைகளுக்கு. முக்கால் பங்கு வெளிநாடுகளுக்கு. ஒரு பிள்ளை தினம் ஒரு டாலர் நொறுக்குத்தீனியை விட்டுவிட்டால் 40 நாளில் 40 டாலர் ஆகும். 10 ஊரிலேயே தங்கும், 30 கடல் தாண்டும். யோசனை புதிதும் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை பெரிய லியோ, நோன்பில் மிச்சமானது ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று தவக்காலப் பிரசங்கங்களில் வற்புறுத்தினார்.

கிண்ணத்துக்கு முன்பு அதே வகுப்பறைகளில் இருந்த வழக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1843-இல் பிரெஞ்சு ஆயர் ஷார்ல் த ஃபோர்பின்-ஜான்சன் சிறுவர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். நாளுக்கு ஒரு செபம், மாதத்துக்கு ஒரு காசு, எளிமையானது, நல்லதும்கூட. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பள்ளிகளில் அதன் ஒரு கிளை விநோதமாக வளர்ந்தது. வகுப்பு ஐந்து டாலர் சேர்த்தால் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஒரு 'அஞ்ஞானிக் குழந்தை'யைத் தத்தெடுக்கலாம், அதற்கு ஞானஸ்நானப் பெயரும் தேர்ந்தெடுக்கலாம், சான்றிதழ் வரும். கண்காணாத தூரத்துக் குழந்தைக்கு எட்டு வயதுப் பிள்ளைகள் கூடிப் பெயர் வைத்தார்கள். இன்று அதைப் பற்றிப் பேசும் கத்தோலிக்கரே கூசுகிறார்கள், கூச வேண்டியதுதான். அதில் இருந்த இளக்காரத்தைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இங்கே எனக்கு முக்கியம் வேறொன்று. காசு கொடுத்தவர்களுக்குக் கைமேல் ஒரு தாளும் பெயர் சூட்டும் உரிமையும் கிடைத்தன. தருமம் என்ற பெயரில் நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். கிண்ணத்திலோ பிள்ளைக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை, கொஞ்சம் பசியைத் தவிர.

பசி என்றதும் ஒரு நியாயமான கேள்வி எழும்: பிள்ளைகளுக்கு நோன்பு உண்டா? திருச்சபைச் சட்டப்படி இல்லை. மாமிசம் விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒரு வேளை மட்டும் வயிறார உண்ணும் ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 60-ஆவது வயது தொடங்கும் வரை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இரண்டும் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே சட்டம், வயது வராதவர்களையும் மெய்யான தவ உணர்வில் வளர்ப்பது குருக்களுக்கும் பெற்றோருக்கும் கடமை என்று சேர்த்தே சொல்கிறது. கட்டாயம் இல்லாத இந்த இடத்தில்தான் பள்ளிக்கு வேலை. 40 நாள் சாக்லேட்டை விட்டு ஈஸ்டர் காலையில் வட்டியும் முதலுமாகத் தின்பது தவம் ஆகாது. பெரியவர்களும் இதில் லேசுப்பட்டவர்கள் அல்ல; வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு சிங்கி இறால் வரவழைத்தால் சட்டம் தலையிடாது. கிண்ணத்தோடு வரும் எளிய சமையல் குறிப்புகள் அதைவிட நேர்மையானவை. பருப்பும் சோறும் அமெரிக்க வீட்டில் தவக்காலச் சாப்பாடு ஆகிவிடுவதைப் பார்த்து, தினமும் அதையே சாப்பிடுகிற நமக்குச் சிரிப்பு வரலாம்.

பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் போதாதா, காசு எந்த வழியில் வந்தால் என்ன என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், டாலருக்கு நாக்கு இல்லை. அதனால்தான் பள்ளிகள் சீருடை இல்லாமல் வர ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்றும், 'பென்னி வார்' என்றும் நடத்துகின்றன. பின்னதன் விதி கேட்கத் தக்கது. வகுப்புக்கு ஒரு கண்ணாடி ஜாடி. அதில் விழும் செப்புக் காசுகள் அந்த வகுப்புக்குக் கூட்டல். வெள்ளிக் காசும் நோட்டும் கழித்தல். ஆகவே பெரிய தொகையை எதிராளி வகுப்பின் ஜாடியில் போட்டு அவர்களைக் கவிழ்ப்பதுதான் சாமர்த்தியம். பணம் கொட்டுகிறது, நல்ல காரியத்துக்கும் போகிறது. ஆனால் அந்த நோட்டைப் போடும் கை அந்த நொடியில் யாரை நினைக்கிறது? பக்கத்து வகுப்பைத் தோற்கடிக்கக் கொடுத்த காசைத் தவம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. பந்தயம் கூடாது என்பதல்ல. வருடத்தில் மீதி மாதங்கள் இருக்கின்றனவே, அப்போது தாராளமாக நடத்தலாம். இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்கட்டும் என்ற நற்செய்திப் பகுதி திருநீற்றுப் புதன் திருப்பலியிலேயே வாசிக்கப்படுகிறது. அதற்கடுத்த வாரம் வகுப்புவாரியாக வசூல் பட்டியல் ஒட்டுவது கொஞ்சம் அவசரம்.

பிள்ளை போடுவது அப்பா அம்மா பணம்தானே என்பார்கள். அப்பாவிடம் பத்து டாலர் வாங்கிக் கடைசி நாளில் திணித்தால் அப்படித்தான். வீட்டுக் குழாய்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் போடு என்பது போன்ற தினக்கணக்கு இருக்கும்போது நிலைமை வேறு. அடுக்களை, குளியலறை, தோட்டம் என்று பிள்ளை எண்ணிக்கொண்டு வரும். தண்ணீர் வீட்டுக்குள் இத்தனை வழிகளில் வருகிறது என்பது அன்றுதான் அதற்கு உறைக்கும். இன்னொரு மறுப்பு கூர்மையானது: அந்த வகுப்பிலேயே அரை வயிற்றோடு வருகிற பிள்ளை இருந்தால்? அதனிடம் தின்பண்டத்தை விடச் சொல்வது கொடுமை. உள்ளூரில் தங்கும் கால் பங்கு அந்த வீட்டுக்கே போய்ச் சேரவும் கூடும். கொடுப்பவரும் பெறுபவரும் அடுத்தடுத்த பெஞ்சில் இருக்கும்போது பெட்டியில் பெயர் எழுதுவதும் தொகையை வாசிப்பதும் தருமத்தைத் தண்டனையாக்கிவிடும். இந்தப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை கத்தோலிக்கர் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களையும் கட்டாயப்படுத்த வழியில்லை; ஆனால் விரதமும் தானமும் அறியாத மதம் எது?

கடைசி மறுப்பை 2025 நம் முன்னால் வைத்தது. கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸின் வரவுசெலவில் ஏறக்குறைய பாதி அதுவரை அமெரிக்க அரசின் பணமாக இருந்தது. அந்த ஜனவரியில் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் அதன் திட்டங்கள் ஆட்டம் கண்டன, ஆட்குறைப்பு வந்தது. அவ்வளவு பெரிய பள்ளத்தைச் சில்லறைக் காசு நிரப்புமா? நிரப்பாது. நிரப்பும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பொய். அரசு செய்ய வேண்டியதை அரசிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பெரும்பணம் ஒரு கையெழுத்தில் நின்றது. அதைக் கொடுத்துவந்த கோடிக்கணக்கான வரிகட்டிகளில் யார் தட்டிலும் அதனால் ஒரு கவளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர்களில் பலருக்கு நின்றதே தெரியாது. கிண்ணத்தில் காசு போட்ட பிள்ளைக்கு எதை விட்டோம் என்று தெரியும், யாருக்காக என்று தெரியும்.

பெட்டிகளைத் திரும்பக் கொடுக்கும் முறையில் இன்னும் ஒரு நல்ல வழி கிடக்கிறது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் அப்பத்தோடும் இரசத்தோடும் ஏழைகளுக்கான காணிக்கைகளையும் பவனியாகக் கொண்டுவரலாம் என்று திருப்பலிப் புத்தகமே இடம் தருகிறது. அங்கே யாரும் பெட்டியைப் பிரிப்பதில்லை, எண்ணுவதில்லை. நாற்பது நாள் கைபட்டு ஓரம் நைந்த அட்டைகள் ஒரு கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கனமானது எது, காலியானது எது என்பது தூக்கி வந்த பிள்ளைக்கு மட்டும் தெரியும்.