மண்ணுக்குள் ஒரு சமூகம் – 7: கூடி வாழ்ந்தால் கோடி நட்டம்?

போன வாரம் பார்த்த ஆப்பிரிக்க மொட்டை எலிகளுக்கு ஒரு ராணி உண்டு. அது மட்டுமே குட்டி போடும், மற்றவை உழைக்கும். அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் வாழும் டூக்கோ-டூக்கோ என்னும் வளை எலிகளில் ஓர் இனத்துக்கு அப்படி ராணி கிடையாது. ஒரு வளையில் ஆறு பெட்டைகள் வரை இருக்கும். ஆண் ஒன்றே ஒன்று. எல்லாப் பெட்டைகளும் ஈனும். குட்டிகளை ஒரே கூட்டில் போட்டுச் சேர்ந்தே வளர்க்கும்.

இந்த எலிக் குடும்பத்தில் ஏறக்குறைய அறுபது இனங்கள் உள்ளன; பெரும்பாலானவை தனிக்கட்டைகள். லிமாய் ஆற்றைக் கடந்தால் போதும், அங்கிருக்கும் நெருங்கிய உறவினம் வளைக்கு ஒன்றாகத்தான் வாழ்கிறது. அதனால்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐலீன் லேசி 1990களிலிருந்து இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து வருகிறார். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிவிட்டால் எது எந்த வளையில் உறங்குகிறது என்பது தரைக்கு மேலிருந்தே தெரிந்துவிடும்.

ஆண் குட்டிகள் வளர்ந்ததும் வெளியேறுகின்றன. பெட்டைகளில் சில முதல் ஆண்டிலேயே கிளம்பித் தனி வளை பிடிக்கும். மற்றவை சாகும்வரை பிறந்த வீட்டிலேயே. ஆக, ஒரு வளைக்குள் தாய், மகள், அக்கா, சித்தி, பெரியம்மா எல்லாரும் இருப்பார்கள். நம் பழைய கூட்டுக் குடும்பம்தான், மருமகள்கள் மட்டும் இல்லை!

இவ்வளவு கைகள் இருந்தால் குட்டிகள் நிறையப் பிழைக்க வேண்டுமே? லேசி 2004-இல் வெளியிட்ட கணக்கு நேர்மாறாக இருந்தது. தலைக்கு எத்தனை குட்டி என்று பார்த்தால், தனியாக இருக்கும் பெட்டைதான் அதிகம் வளர்த்து ஆளாக்குகிறது. பிறகு ஏன் சேர்ந்திருக்க வேண்டும்? இவை விரும்பும் ஈரப் புல்வெளிகள் வறண்ட நிலத்தின் நடுவே திட்டுத் திட்டாகத்தான் கிடக்கின்றன. வெளியே போனால் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. தனித்த பெட்டைகளின் உடலில் மன அழுத்த ஹார்மோனும் கூடுதலாக இருக்கிறது. எனக்கென்னவோ இதில் பாசத்தைவிட நிலப் பற்றாக்குறையின் பங்கே பெரிதாகத் தெரிகிறது.

உறவுக்கு உதவினால் நம் மரபணுவின் நகல்தானே பிழைக்கிறது என்று 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன விளக்கமும் இருக்கிறது. அதை இங்கே உரசிப் பார்ப்பதில் ஒரு சிக்கல். இந்த இனத்தில் யாருடைய டி.என்.ஏ.வை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. எது சொந்த வளை, எது அடுத்த வளை என்று பிரிப்பதே பாடு.

இந்த மரபணு வறுமைக்கு விடை குகைகளில் கிடைத்தது. ஆந்தைகள் தின்றுவிட்டு எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டைகள், வடக்குப் பட்டகோனியாவின் இரண்டு குகைகளில் பத்தாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. அந்த எலும்புகளிலிருந்து பழைய டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் ஹாட்லி குழு 2006-இல் ஒரு கணக்குப் போட்டது. இனப்பெருக்கத்தில் பங்கேற்ற பெட்டைகள் முன்பு 95,231. சுமார் 2,900 ஆண்டுகளுக்கு முன் அது 300-க்கும் கீழே சரிந்தது. (95,231-இன் கடைசி ‘ஒன்றை’ நம்ப வேண்டாம், கணினி தரும் மதிப்பீடு அது.) நூற்றுக்கு 99.7 பங்கு போய்விட்டது. பாடநூல் வழக்கப்படி இந்த இனம் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துகொண்டிருக்கிறது.

ஒரேயொரு இடத்தில் மட்டும் அது தன் பன்மையைக் கைவிடவில்லை: நோய்க்கிருமியை அடையாளம் காட்டும் நோயெதிர்ப்பு மரபணுக்கள். ஹாம்புக் என்ற ஆய்வாளரும் லேசியும் 2002-இல் இரண்டு இனங்களையும் ஒப்பிட்டபோது, இந்த மரபணுக்களில் வேறுபாட்டைக் காக்கும் இயற்கைத் தேர்வு கூட்டமாக வாழும் இனத்தில்தான் வலுவாக இருந்தது. ஒரே கூட்டில் உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் கிருமி எல்லாவற்றுக்கும் பரவும். அங்கே எல்லாருக்கும் ஒரே எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒரு நோய் போதும், வளையே காலி.

(தொடரும்)